டீக்காசு

தம்பி,

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடம் தனியாக ரெண்டு வார்த்தை பேசுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உன் அத்தைமார் வந்து இறங்கிய நாளிலிருந்து அடுப்பை விட்டுப் பால் இறங்கியபாடில்லை. நீயோ காலையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நம் கம்பெனிக்குக் காரை எடுத்தால், திரும்பி வரும்போது பத்திரிகை வைக்கப் போன களைப்பு, சட்டைக்கு அளவு கொடுக்கிற அவசரம், இல்லையென்றால் காதில் ஒட்டிய போன். அந்தப் போனில் யார் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல நானும் தாண்டிப் போகிறேன். வாட்ஸப்பில் அனுப்பலாம் என்றால், நான் அரை மணி நேரம் தட்டி அனுப்புவதற்கு நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் தாளும் பேனாவும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அரிசி மூட்டை அடுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே உன் பெரிய அத்தை என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார். தேடட்டும்.

புத்திமதி என்று பயந்துவிடாதே. கல்யாணத்துக்கு முன்னால் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் புத்தி சொல்வது எனக்கு வராது. சொன்னாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்று தலையை ஆட்டிவிட்டு உன் வழியில் போகிற ஆள். நான் சொல்ல வந்தது ஒரு பாராட்டு. நம் வீட்டில் பாராட்டை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உன் அப்பா சந்தோஷமாக இருந்தால் "ம்" என்பார், ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் "ம்ம்" என்பார். பிறந்த ஊரான ஆமத்தூரில் வாயாடி என்று பெயர் வாங்கியிருந்த நானும் இந்த வீட்டுக்கு வந்து கொஞ்சம் கொஞ்சமாக அப்படியே ஆகிப்போனேன். ஆனால் போன ஆவணியில் நீ செய்த ஒரு காரியத்தை "ம்ம்" என்று விட எனக்கு மனசில்லை. அதை நீயே மறந்திருப்பாய். பத்து ரூபாய் விஷயம்.

நம் வீட்டில் பத்து ரூபாய் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா மிளகாய் வத்தல் மண்டியில் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கிலோவுக்கு ஐம்பது பைசாவுக்காகச் சாப்பாட்டு நேரம் தாண்டி மல்லுக்கட்டுவதைச் சின்னப் பிள்ளையில் நீ பார்த்திருக்கிறாய். "நம்மகிட்ட அம்பது பைசா கூட இல்லையாம்மா?" என்று ஒரு நாள் முகம் வாடி என்னிடம் வந்து கேட்டாய். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அது கஞ்சத்தனம் இல்லை, தம்பி. அதே மனுஷன் பொங்கல் கொடைக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும், கேட்டு வந்தவர்கள் வாயடைத்துப் போகும்படி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவருடைய ஐம்பது பைசா ஒருபோதும் தனியாக வருவதில்லை. பின்னால் ஒரு லாரி வத்தலை இழுத்துக்கொண்டுதான் வரும். சின்னத் தொகை எதைக் கேட்டாலும் அவர் மனசு உடனே அதை மூட்டையால் பெருக்கும், லோடால் பெருக்கும், வருஷத்தால் பெருக்கும். அப்படிப் பெருக்கிப் பெருக்கித்தான் இந்த வீட்டைக் கட்டினார். அதைக் குறை சொன்னால் நான் உட்கார்ந்திருக்கிற அரிசி மூட்டையே என்னைத் தள்ளிவிடும்.

நம் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் ஷெட்டில் வேலை பார்க்கிற மாரீஸ்வரியின் பத்து ரூபாய்க்குப் பின்னால் லாரி கிடையாது. அது ஒரே ஒரு பத்து ரூபாய். அன்றைக்கு வந்து, அன்றைக்கே ஒரு வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். இது எனக்கே போன ஆவணியில்தான் சரியாக விளங்கியது.

நீ சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து கம்பெனிப் பொறுப்பை எடுத்தபோது, உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். ஏசி ரூமில் உட்கார்ந்து பழகிய பிள்ளை, கரிசல் வெயிலில் எத்தனை நாள் நிற்கப் போகிறான் என்று நினைத்தேன். நீ நின்றாய். வெயில் ஏறின நாட்களில் வெடிமருந்து அறை வேலையை நேரத்தோடு நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்பினாய். சீசன் ஆர்டர் நிற்கிறது என்று ஏஜெண்டுகள் போனில் கத்தினார்கள். "ஆளு இருந்தா லோடு நாளைக்குப் போகும்" என்று சொல்லிப் போனை வைத்தாய். வேனில் வந்து இறங்குகிற அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். உன் அப்பா அதைக் கேள்விப்பட்டு அன்று "ம்ம்" என்றார். நீ அங்கே இல்லை, அதனால் இப்போது சொல்கிறேன்.

அப்படிப்பட்ட நீதான் அந்த டீ விஷயத்தையும் கண்டுபிடித்தாய். காலை இடைவேளையில் ஆளுக்குப் பத்து ரூபாய் டீக்காசு கொடுப்பது உன் அப்பா ஏற்படுத்திய வழக்கம். போர்மேன் காலையிலேயே கையில் கொடுத்துவிடுவார். கேட்டுக்கு வெளியே டிவிஎஸ்ஸில் கேன் கட்டிக்கொண்டு டீக்காரர் வந்து நிற்பார். நீ சில நாள் நின்று பார்த்திருக்கிறாய். ஆண்கள் குடித்தார்கள். பெண்களில் ஒருத்தி கூட டீக்காரர் பக்கம் போகவில்லை. கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாய். "வெறும் வயித்தோட வேலை பாக்காகம்மா. டீக்குன்னு குடுக்கிற காசை டீக்கு ஆக்காம முடிஞ்சு வச்சுக்கிடுதாக."

அடுத்த வாரமே காசை நிறுத்திவிட்டு டீயையே கொடுக்க ஏற்பாடு செய்தாய். ஏலக்காய் தட்டிப் போட்ட டீ, கூட ஒரு உளுந்த வடை. பத்து ரூபாய்க்குப் பதிலாக உனக்குப் பதினைந்து ரூபாய்ச் செலவு. வடையைச் சுருட்டிப் பைக்குள் வைக்கப் பார்த்தவர்களை நீயே பக்கத்தில் நின்று "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று சாப்பிட வைத்தாயாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் பெரிய அத்தைக்குப் போன் போட்டு, என் பிள்ளை தொழிலாளி வயிற்றைப் பார்க்கிற முதலாளி என்று அளந்து விட்டேன். போர்மேனும் "எல்லாரும் சந்தோசமா இருக்காக மொதலாளி" என்று சொல்லிவிட்டார். சந்தோஷமாக இல்லை என்று முதலாளியிடம் யார் சொல்லப் போகிறார்கள்?

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கம்போல பூஜைக்குப் பூவும் பொரிகடலையும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தேன். ஆபீஸ் வாசலில் மாரீஸ்வரி, தன் மகளைக் கூட்டிக்கொண்டு நின்றாள். சுடிதார் போட்டு, தலையை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய பெண். மகளையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்க வந்திருக்கிறாள். நீயும் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டாய். சீசன் நேரம், ஆள் கிடைத்த சந்தோஷம் உனக்கு. நான் பேச்சுக்காகத்தான் கேட்டேன்.

"பேரு என்னத்தா?"

"காளீஸ்வரி."

"படிக்கிறியா?"

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். "பி.காம் ரெண்டாம் வருசம் போய்க்கிட்டு இருந்தாம்மா. போதும்னு நின்னுட்டா" என்றாள் மாரீஸ்வரி.

"நானா நின்னேன்?" என்று வெடுக்கென்று வந்தது. "காசெல்லாம் டீயாப் போச்சுல்ல!"

மாரீஸ்வரி அவள் கையைக் கிள்ளினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காசு எப்படி டீயாகப் போகும்? பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டேன். "சொல்லு. நான் எந்திரிக்கப் போறதில்ல" என்றேன். பூஜைக்கு நேரமாகிறது என்று போர்மேன் எட்டி எட்டிப் பார்த்தார். நான் அசையவில்லை.

"தப்பா எடுத்துக்கிடாதீகம்மா. சின்ன மொதலாளி நல்ல மனசோட செஞ்சாக" என்று ஆரம்பித்து, மெல்ல மெல்லத்தான் சொன்னாள். காளீஸ்வரி படிப்பது சாத்தூர்க் கல்லூரியில். ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூருக்கு டவுன் பஸ்ஸில் பெண்பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. இவர்கள் ஊரிலிருந்து ஏழாயிரம்பண்ணை வருவதற்குத்தான் மினிபஸ். போக அஞ்சு, வர அஞ்சு. நம் கம்பெனி வேன் ஏழாயிரம்பண்ணைக்குள் போகாது, அது வேறு திசை. மாரீஸ்வரியின் வீட்டுக்காரர் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். குடி கிடையாது, அடி கிடையாது, நல்ல மனுஷன்தான். ஆனால் பெண் படித்தது போதும், கல்யாணத்துக்கு நகை சேர்ப்போம் என்பது அவர் கணக்கு. "போறதுன்னா போகட்டும், என்கிட்ட ஒரு பைசா கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமைச் சம்பளம் வந்ததும் நகைச் சீட்டுக்கும் குழுக் கடனுக்கும் பிரித்து வைத்துவிடுவார். அந்தச் சம்பளத்தில் மாரீஸ்வரி கை வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"டீக்காசு மட்டும் அவருக்குத் தெரியாதும்மா" என்றாள். "நான் டீ குடிக்கேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காரு."

பத்து ரூபாய் டீயாக மாறிய நாளிலிருந்து அந்தப் பெண் நடந்திருக்கிறாள். ஆடிக் காற்று புழுதியை வாரி அடிக்கிற பாதையில், கருவேலங்காட்டு வழியாக. ஏழாயிரம்பண்ணை வந்து சேருவதற்குள் சாத்தூர் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் போனால் முதல் வகுப்பு முடிந்திருக்கும். தினமும் இப்படி. இன்னும் கொஞ்ச நாள் போனால் வருகைப்பதிவு போதாமல் பரீட்சை எழுத முடியாது என்ற நிலை. தனியாக நடந்து வருகிறாள் என்று ஊரில் பேச்சும் வந்தது. "இதுக்குத்தான் சொன்னேன்" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இனி திங்கட்கிழமை அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டப் போகிறாள். தெரிந்தே யாரும் எதையும் கெடுக்கவில்லை. ஏலக்காய் டீ கெடுத்தது.

மாரீஸ்வரியை நான் அதற்கு முன்னாலும் எத்தனையோ வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறேன். பொரிகடலை வாங்கிக்கொண்டு போகிற கைகளில் ஒன்று, அவ்வளவுதான். அன்று படியில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. கண்ணெதிரே டீ ஆற்றுகிற வாசனையில் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பச்சைத் தண்ணீரைக் குடித்து ஒரு பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறாள். அதை ஒரு தியாகம் மாதிரி யாரிடமும் சொன்னதில்லை. அது பறிபோனபோதும் வாயைத் திறக்கவில்லை. நீ பக்கத்தில் நின்று சாப்பிடச் சொன்னதும் அந்த வடையைச் சாப்பிட்டிருக்கிறாள் பார். தன் மகளின் பஸ் டிக்கெட்டை மென்று விழுங்கியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் நீ வந்ததும் சொன்னேன். "வெறும் பத்து ரூபாயாம்மா?" என்றாய். நீ மோசமாகச் சொல்லவில்லை, நம்ப முடியாமல் சொன்னாய். ஆனால் அந்த "வெறும்" உன் காதிலேயே விழுந்துவிட்டது போல. காபியை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போனாய். காலையில் எழுந்து வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "நீங்களும் வாங்கம்மா" என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனாய். மாரீஸ்வரியை ஆபீசுக்குக் கூப்பிட்டு, உன் பெருந்தன்மையை மொத்தமாக அவள் முன்னால் கொட்டினாய். கல்லூரிச் செலவு முழுதும் நான் பார்த்துக்கொள்கிறேன், பிள்ளை போய்வர ஒரு ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன், படித்து முடித்ததும் நம் ஆபீசிலேயே வேலை. எனக்கே மூச்சு முட்டியது.

மாரீஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க நல்லா இருக்கணும்யா. ஆனா வேண்டாம்யா. பெருசா வாங்குனா பெருசாப் பேச்சு வரும். மொதலாளி எதுக்கு உம்மகளுக்கு வண்டி வாங்கித் தாராருன்னு எங்க வீட்டுக்காரரு கேப்பாரு. அவரு கேக்காட்டியும் ஊரு கேக்கும். நாளைக்கு வேற கம்பெனியில நாலு காசு கூடக் கிடைச்சாலும் எனக்குப் போக மனசு வராது. டீக்காசுன்னா எல்லாத்துக்கும் உள்ளதுதான? அத யாரும் எதுவும் கேக்க மாட்டாக."

நீ கம்பெனியை விட்டு வெளியே வந்து காரில் ஏறியதும்தான் வெடித்தாய். "என் காசு அவுகளுக்கு வேண்டாமாம்மா!"

"உன் காசை வேண்டாம்னுட்டா. அவ காசைக் கேக்கா" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானம்மா? நான் குடுக்கிறதுதான?"

அப்போதுதான், இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொன்னேன். நீ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? கழுத்து நிறைய நகை இருக்கிறது, பீரோ நிறையப் பட்டு இருக்கிறது, நான் வாய் திறந்தால் எதுவும் வந்து இறங்கும். ஆனால் யாரும் எதற்கு என்று கேட்காத பத்து ரூபாய் என் கையில் இருந்ததில்லை. மளிகைக்கும் துணிக்கும் நகைக்கும் கடையில் நம் பெயரில் பற்று. கார்டு இருக்கிறது, தேய்த்தால் மண்டியில் உன் அப்பா போனில் மெசேஜ் போய் நிற்கும். "இந்தா, நாப்பது ரூபா எதுக்கு எடுத்த?" என்று கேட்பார். சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரிதான் கேட்பார். கணக்குக் கேட்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. நானும் சொல்லிவிடுவேன். ஒரு நாள் ஸ்டேஷன் ரோட்டில் பனங்கிழங்கு பார்த்து ஆசையாக இருந்தது. வாங்கவில்லை. கிழங்குக்குக் கணக்குச் சொல்ல அன்றைக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அவர் கொடுக்க மாட்டார் என்பதற்காக இல்லை. ஆமத்தூரில் என் அம்மா கோழிமுட்டை விற்ற காசைக் கடுகு டப்பாவில் போட்டு வைப்பார். என் அப்பா அந்த டப்பாவைத் திறந்ததே இல்லை. பணக்காரிக்கும் ஏழைக்கும் பத்து ரூபாய் வேறு வேறுதான், தம்பி. ஆனால் கேள்வி கேட்கப்படாத பத்து ரூபாய் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்று எனக்கு மாரீஸ்வரியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நீ வண்டியைத் திருப்பினாய். வீட்டுக்குத்தான் போகிறாய் என்று நினைத்தேன். கம்பெனிக்கே போனாய்.

இங்கேதான் நான் எழுத வந்த விஷயம். டீயை நிறுத்திக் காசு கொடுப்பது பெரிய காரியம் இல்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால், மாரீஸ்வரி ஆபீசுக்குப் போய்விட்டு வந்தாள், அதனால்தான் நின்றது என்று எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வடையில் ருசி கண்ட ஆண்கள் அவளைச் சும்மா விடமாட்டார்கள். காசு வேண்டுமா டீ வேண்டுமா என்று கூட்டத்தில் கேட்டால், முதலாளி கொடுக்கிற டீயை வேண்டாம் என்று எந்தப் பெண் எழுந்து சொல்வாள்? இதையெல்லாம் நான் உனக்குச் சொல்லவில்லை. நீயாக யோசித்திருக்கிறாய். சாயங்காலம் வரை அங்கேயே இருந்து, சம்பளம் வாங்க எல்லாரும் கூடிய நேரம் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு, உலகத்திலேயே பாவப்பட்ட பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய்.

"எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. எங்கப்பா கணக்குப் பாத்துட்டாரு. டீயும் வடையும் கட்டுபடியாகாதுன்னு ஒரே சத்தம். திங்கக்கிழமையில இருந்து பழையபடி டீக்காசுதான்."

ஆண்கள் முணுமுணுத்தார்கள். "நம்ம வாயில வடை போறது பெரிய மொதலாளிக்குப் பொறுக்கலப்பா" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். பெண்கள் ச்சூ கொட்டினார்கள். "பாவம், சின்னப்புள்ள ஆசையாச் செஞ்சுச்சு. பெருசு விடலயே" என்று ஒரு அம்மாள் உனக்காகப் பரிதாபப்பட்டார். ஆனால் அந்தப் பெண்கள் கூட்டத்தில் எத்தனை முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது என்பதை நான் பார்த்தேன். நான் நினைத்தது மாரீஸ்வரி ஒருத்தியைத்தான். அங்கே ஒவ்வொருத்திக்கும் டீ குடிக்காததற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. மாரீஸ்வரி மட்டும் உன்னைப் பார்க்கவில்லை. குனிந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

கொடுத்து நல்ல பெயர் வாங்குகிறவர்களை நம் ஊர்ப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். கல்வெட்டில் பெயர், டியூப்லைட்டில் பெயர், வெளிச்சத்தை விடப் பெயர் பெரிதாக இருக்கும். நம் குடும்பத்திலும் அதற்குக் குறைச்சல் இல்லை. கொடுப்பதற்காக ஒருவன் கஞ்சப் பேரை வலிய வாங்கிக்கொண்டதை நான் பார்த்தது அன்றுதான். அவன் என் வயிற்றில் பிறந்தவன். அந்த நிமிஷம் உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அத்தனை பேர் முன்னால் கூடாது என்று பூக்கூடையைத் தேடுவது மாதிரி திரும்பிக்கொண்டேன். சனிக்கிழமை ஏது பூக்கூடை?

உன் அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் பெயரைக் கெடுத்ததற்குச் சத்தம் போடுவார் என்று பார்த்தால், முதலில் அவர் கேட்டது, "வடை நின்னா ஆளுக்கு அஞ்சு ரூபா மிச்சம்ல?" உடனே ஆட்களால் பெருக்கினார், நாட்களால் பெருக்கினார், தலையை ஆட்டினார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "எம் பேர்லயா போட்டான்? போடட்டும்" என்றார். இரவுச் சாப்பாடு வரை தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பெருக்கல் மட்டும்தான் தெரியும் என்று நாம் இருவரும் நினைப்பதும் தப்புத்தான் போல.

திங்கட்கிழமை வேனிலிருந்து மாரீஸ்வரி தனியாக இறங்கினாள் என்று நீ போன் பண்ணிச் சொன்னாய். "மக காலேஜுக்குப் போயிட்டாளாம்மா" என்றாய். போனை இரண்டு பேரும் வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தோம். ஐப்பசிக்குப் பிறகு பரீட்சை எழுதினாள். இப்போது எப்படிப் படிக்கிறாள் என்று நான் விசாரிப்பதில்லை. விசாரிக்க ஆரம்பித்தால் அந்தப் பத்து ரூபாய் மறுபடி நம்முடையது ஆகிவிடும்.

வரப்போகிற பிள்ளை வசதியான வீட்டில் வளர்ந்தவள். சிவகாசியில் அவர்கள் அச்சகத்துக் கணக்கைக் கல்யாணம் பேசும் வரை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நம் வீட்டுக்கு வந்ததும் உனக்கு அவள்மேல் உள்ள ஆசையில் எல்லாவற்றையும் நீயே பார்த்துப் பார்த்துச் செய்வாய், எனக்குத் தெரியும். அவள் நினைப்பதற்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவாய். வாங்கிக் கொடு, தாராளமாக வாங்கிக் கொடு. அவள் கையில் ஏற்கெனவே இருக்கிறதை மட்டும் வாங்கிக்கொள்ளாதே. அது உன் கண்ணுக்கு எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும் சரி, அதற்குப் பதிலாக நீ கொடுக்க நினைப்பது எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் சரி. புத்திமதி சொல்ல மாட்டேன் என்றேன், பார், சொல்லிவிட்டேன். இது ஒன்றுதான்.

பெரிய அத்தை கதவைத் தட்டுகிறார். முடித்துவிடுகிறேன்.

டீக்காசு திரும்ப வந்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்திருந்தேன். போர்மேன் லீவு. நீயே கேட்டில் நின்று ஒவ்வொருவருக்கும் காசு கொடுத்துக்கொண்டிருந்தாய். உள்ளே போக வழி இல்லாமல் நானும் பெண்களுக்குப் பின்னால் நின்றேன். வரிசை நகர்ந்து என் முறை வந்தது. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். சிரிப்பாய், வழி விடுவாய் என்று நினைத்தேன். நீ ஒன்றும் பேசாமல், மற்றவர்களுக்குக் கொடுத்தது போலவே ஒரு பத்து ரூபாய் நோட்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தாய். அடுத்த வெள்ளிக்கிழமையும் கொடுத்தாய். இதுவரை ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை.

அதையெல்லாம் நான் செலவழித்துவிட்டேன். எதற்கு என்று நீ இன்றுவரை கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதினேன்.

அம்மா